அணி மாறினால் துரோகியா?

மைதானத்தின் மூலையில் பந்தை வைத்தார், அந்த ஆட்டக்காரர். "கார்னர்" அடிக்க வேண்டியது அவர் வேலை.

அடிக்க முடியவில்லை!

அவரை நோக்கி நாணயங்கள் பறந்து வந்தன. சிகரெட் லைட்டர்கள் வந்தன. தண்ணீர்ப் பாட்டில்கள் வந்தன. ஒரு விஸ்கி பாட்டிலும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய பன்றித் தலை ஒன்று வந்து விழுந்தது!

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டு அணிகளையும் உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டம் அடங்கிய பிறகுதான் ஆட்டம் மறுபடியும் தொடங்கியது.

இது நடந்தது, 2002-ம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ந் தேதி. இடம், ஸ்பெயின் நாட்டில் உள்ள பார்சலோனா நகரம்.

அந்த ஆட்டக்காரரின் பெயர், லூயி பிகோ. போர்ச்சுக்கல் நாட்டுக்காரர். உலகத்தின் தலைசிறந்த கால்பந்து வீரர்களில் ஒருவர்.

அவர் மீது கல்நெஞ்சோடு பொருள்களை வீசியவர்கள் யார்? முன்பு ஐந்து ஆண்டுகள் அவரைத் தலைமேல் வைத்து ஆடிய அதே ரசிகர்கள்தான்!

அப்படி என்ன குற்றம் செய்தார் பிகோ?

அணி மாறினார். அவ்வளவுதான்!

செல்லப் பிள்ளை

பிகோ 1995-ம் ஆண்டில் பார்சலோனா கிளப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22.

பந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டதுபோல் ஓடும். எதிரிகள் இரண்டு மூன்று பேர் சூழ்ந்தாலும் நழுவிப் போய்விடுவார். அவர் இருந்தபோது பார்சலோனா இரண்டு முறை ஸ்பெயின் சாம்பியன் ஆயிற்று.

பார்சலோனாவுக்குப் பரம எதிரி ஒன்று உண்டு. அதுதான் தலைநகரத்துக் கிளப்பான ரியல் மாட்ரிட்.

இது வெறும் விளையாட்டுப் பகை அல்ல. பார்சலோனா மக்கள் கேட்டலன் என்ற தனி மொழி பேசுகிறவர்கள். 1939 முதல் 1975 வரை ஸ்பெயினை ஆண்டவர், சர்வாதிகாரி பிராங்கோ. அவர் ஆட்சியில் கேட்டலன் மொழி நசுக்கப்பட்டது. பள்ளிக்கூடத்திலும் அரசாங்க ஆபீசிலும் அதற்கு இடம் இல்லை.

அந்தக் காலத்தில் பார்சலோனா மக்கள் ஒன்றுகூடித் தங்கள் மொழியில் வாய்விட்டுக் கத்தக்கூடிய இடம், கால்பந்து மைதானம்தான். ஆகவே அந்தக் கிளப் அவர்களுக்கு மானப் பிரச்சினை. ரியல் மாட்ரிட் என்றால், அவர்களை அடக்கிய தலைநகரத்தின் அணி.

பிகோவுக்கும் இது தெரியும். ஒரு வெற்றி விழாவில், மாட்ரிட்காரர்களைக் கேலி செய்து அவரே கோஷம் போட்டார். ரசிகர்கள் பூரித்துப் போனார்கள். "அயல்நாட்டுக்காரராக இருந்தாலும் இவர் நம்மவர்!" என்று கொண்டாடினார்கள்.

தேர்தல் வாக்குறுதி

2000-ம் ஆண்டில் ரியல் மாட்ரிட் கிளப்பில் தலைவர் தேர்தல் நடந்தது. அங்கே உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

புளோரன்டினோ பெரெஸ் என்ற கட்டுமானத் தொழில் அதிபர் போட்டியிட்டார். அவர் ஒரு வாக்குறுதி கொடுத்தார்.

"நான் ஜெயித்தால் பிகோவைக் கொண்டு வருவேன். கொண்டு வராவிட்டால், உறுப்பினர்களின் சந்தாவை நானே கட்டுவேன்!"

பலரும் சிரித்தார்கள். பார்சலோனாவின் செல்லப் பிள்ளையாவது, மாட்ரிட் பக்கம் வருவதாவது!

ஆனால் திரைமறைவில் வேலை நடந்துகொண்டிருந்தது. பெரெஸ் தரப்பும் பிகோவின் ஏஜெண்டும் தேர்தலுக்கு முன்பே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதை மீறினால் பெருந்தொகை அபராதம்!

செய்தி கசிந்தது. பார்சலோனா பதறியது. பிகோ அங்குள்ள ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். "நான் எங்கும் போகமாட்டேன். பார்சலோனாவில்தான் இருப்பேன்" என்ற பொருள்படப் பேசினார். ரசிகர்கள் மூச்சு விட்டார்கள்.

பெரெஸ் தேர்தலில் ஜெயித்தார்.

ஸ்பெயினில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஒப்பந்தத்திலும் ஒரு தொகை எழுதி இருக்கும். அந்தத் தொகையைக் கட்டினால், பழைய கிளப் அவரைத் தடுக்க முடியாது. பிகோவின் ஒப்பந்தத்தில் இருந்த தொகை, ஆயிரம் கோடி பெசட்டா. அதாவது சுமார் 6 கோடி யூரோ. அதற்கு முன் எந்த ஆட்டக்காரருக்கும் அவ்வளவு பணம் கொடுக்கப்பட்டதில்லை.

ரியல் மாட்ரிட் அந்தப் பணத்தைக் கட்டியது. 2000-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி, ரியல் மாட்ரிட்டின் வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றார், பிகோ!

மூன்று மாதம் கழித்து அவர் பார்சலோனாவுக்கு ஆட வந்தார். அவர் படம் போட்ட பொய் நோட்டுகளை ரசிகர்கள் வீசினார்கள். "துரோகி", "யூதாஸ்", "காசுக்கு ஆடுகிறவன்" என்று எழுதிய துணிகளைத் தொங்கவிட்டார்கள். அவர் காலில் பந்து படும்போதெல்லாம் காது செவிடாகும்படி ஊளையிட்டார்கள். அந்தக் கோபத்தின் உச்சந்தான், இரண்டு ஆண்டு கழித்துப் பறந்து வந்த பன்றித் தலை.

பன்றித் தலையை வீசியது காட்டுமிராண்டித்தனம். அதில் இரண்டு பேச்சுக்கு இடம் இல்லை. ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. பேரும் புகழும் தந்த கிளப்புக்கும் ரசிகர்களுக்கும் ஓர் ஆட்டக்காரர் கடமைப்பட்டவரா? கடைசி வரை அங்கேயே இருக்க வேண்டுமா?

பூட்டி வைத்த விசுவாசம்

"அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இப்படியா? ஒரே கிளப்பில் ஆடி ஒரே கிளப்பில் ஓய்வு பெற்றார்களே!" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. உண்மைதான். ஆனால் அது எப்படி நடந்தது?

கால்பந்தின் தாய்நாடான இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம்.

டாம் பின்னி என்று ஒரு மகத்தான ஆட்டக்காரர் இருந்தார். பிரஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர். பிரஸ்டன் கிளப்புக்கே ஆடினார். தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் தொழிலையும் சேர்த்துச் செய்தார். நாடே போற்றிய ஆட்டக்காரருக்குக் குழாய் வேலை எதற்கு?

கால்பந்துச் சம்பளம் அவ்வளவு குறைவு! எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று அங்கே விதி இருந்தது. 1961-ல் அந்த விதி நீக்கப்பட்டபோதுகூட உச்சவரம்பு வாரத்துக்கு 20 பவுன்தான்.

1952-ம் ஆண்டில் இத்தாலியின் பலெர்மோ கிளப் பின்னியை அழைத்தது. சேருவதற்கு மட்டுமே பத்தாயிரம் பவுன் தருவதாகச் சொன்னது. பின்னி தம் கிளப் தலைவரிடம் போய்க் கேட்டார். தலைவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். பின்னி 1960 வரை பிரஸ்டனிலேயே ஆடி ஓய்வு பெற்றார்.

பின்னி தம் ஊரை உயிராக நேசித்தவர். ஊரும் அவரை நேசித்தது. இன்று அந்த மைதானத்தின் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆனாலும், போக விரும்பினாலும் அவரால் போயிருக்க முடியாது. கதவு வெளியே பூட்டி இருந்தது!

ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைக் கிளப் விடாமல் வைத்துக்கொள்ளலாம். அவருக்குச் சம்பளமும் தர வேண்டியதில்லை. வேறு கிளப்பில் ஆடவும் முடியாது. இதுதான் அன்றைய விதி.

கோர்ட்டுக்குப் போனார்

இந்த விதியை எதிர்த்து நின்றவர், ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். நியூகாசில் கிளப்பின் ஆட்டக்காரர்.

1960-ல் அவர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். கிளப் அவரை விட மறுத்தது. ஈஸ்ட்ஹாம் பந்தை ஓரமாக வைத்துவிட்டு, தக்கை விற்கும் வேலைக்குப் போனார்! பல மாதங்களுக்குப் பிறகே நியூகாசில் இறங்கி வந்து, அவரை ஆர்சனல் கிளப்புக்கு விற்றது.

தம் காரியம் முடிந்ததென்று அவர் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 1963-ல் தீர்ப்பு வந்தது. "ஒருவர் தொழில் செய்து பிழைப்பதை இந்த விதி நியாயம் இல்லாமல் தடுக்கிறது" என்று ஜட்ஜு சொன்னார். பூட்டு கொஞ்சம் தளர்ந்தது.

அதை உடைத்தெறிந்தவர், பெல்ஜியம் நாட்டு ஆட்டக்காரர் போஸ்மன். 1990-ல் லியேஜ் கிளப்புடன் அவர் ஒப்பந்தம் முடிந்தது. பழைய சம்பளத்தில் கால் பங்குதான் தருவோம் என்றது கிளப். அவர் பிரான்சில் உள்ள ஒரு கிளப்புக்குப் போக விரும்பினார். அதற்கும் லியேஜ் சம்மதிக்கவில்லை.

ஐந்து ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1995-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்ததும் ஆட்டக்காரர், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் எந்தக் கிளப்புக்கும் பணம் இல்லாமல் போகலாம்!

இன்றைய நட்சத்திரங்கள் கோடி கோடியாகச் சம்பாதிக்க வழி திறந்தது, அந்தத் தீர்ப்புத்தான். வழக்குப் போட்ட போஸ்மனோ, தம் ஆட்ட வாழ்க்கையையே அதில் இழந்தார்.

விற்றது யார்?

ஆட்டக்காரர் ஓடிப்போனால் துரோகம் என்கிறார்கள். கிளப்பே அவரை விற்றால், அதற்கு என்ன பெயர்?

இத்தாலியில் புளோரன்ஸ் என்ற அழகான நகரம் இருக்கிறது. அதன் கிளப், பியோரன்டினா. ராபர்ட்டோ பாஜ்ஜோ அதன் கண்ணின் மணி. 1990-ம் ஆண்டில் பியோரன்டினா அவரை விற்றுவிட்டது. அதுவும் யாருக்கு? ஜென்ம எதிரியான ஜுவென்டஸ் கிளப்புக்கு!

நகரம் கொதித்தது. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். கலவரம் மூண்டது. பலர் காயம் அடைந்தார்கள். பாஜ்ஜோவோ, தமக்குப் போக விருப்பம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அடுத்த ஆண்டு ஜுவென்டஸ் சட்டையுடன் அவர் புளோரன்சுக்கு வந்தார். ஜுவென்டசுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வழக்கமாக அடிக்க வேண்டியவர் பாஜ்ஜோ. அவர் அடிக்க மறுத்தார்! "கோல் காப்பவருக்கு என் அடி பழக்கமானது" என்று பின்னால் காரணம் சொன்னார். வேறொருவர் அடித்தார். கோல் விழவில்லை. ஜுவென்டஸ் தோற்றது.

பாஜ்ஜோ மைதானத்தை விட்டு வெளியேறியபோது, யாரோ பியோரன்டினாவின் ஊதாத் துணி ஒன்றை வீசினார்கள். அவர் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டார். புளோரன்ஸ் மக்கள் நெகிழ்ந்தார்கள். ஜுவென்டஸ் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்.

பழைய ரசிகர்களுக்கு விசுவாசம் காட்டினால், புதிய ரசிகர்களுக்கு அது துரோகம்! ஆட்டக்காரரின் சங்கடம் இதுதான்.

கீழே இறங்கிய உலக வீரர்

அதே ஜுவென்டஸ் கிளப்புக்கு 2006-ல் சோதனை வந்தது. நடுவர்களை நியமிப்பதில் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகக் கிளப் நிர்வாகிகள் மீது புகார். விசாரணைக்குப் பிறகு கிளப்பை இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள்.

நட்சத்திரங்கள் பலர் மூட்டை கட்டினார்கள். கன்னவாரோ ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். இப்ராகிமோவிச் இன்டர் மிலானுக்குப் போனார்.

ஆனால் தலைவர் அலெசாண்ட்ரோ டெல் பியரோ போகவில்லை. கோல் காப்பாளர் புப்பனும் போகவில்லை. இருவரும் அந்த ஜூலை மாதத்தில்தான் இத்தாலிக்காக உலகக் கோப்பையை வென்று வந்தவர்கள்! உலகக் கோப்பை வீரர்கள், சிற்றூர் மைதானங்களில் இறங்கி ஆடினார்கள். டெல் பியரோ அந்தப் பிரிவிலேயே அதிகமாக 20 கோல் போட்டார். ஒரே ஆண்டில் கிளப்பை மேலே ஏற்றினார்கள்.

இந்த விசுவாசத்துக்குக் கிளப் என்ன செய்தது?

2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பங்குதாரர்கள் கூட்டத்தில் கிளப் தலைவர் எழுந்து, "டெல் பியரோவுக்கு இதுதான் கடைசி ஆண்டு" என்று அறிவித்தார். டெல் பியரோ ஓய்வு கேட்கவில்லை. இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. பிறகு கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் சிட்னி கிளப்புக்குப் போய் ஆடினார்!

2012-ம் ஆண்டு மே 13-ந் தேதி, சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி லீக் ஆட்டம். ஒரு கோல் போட்டார். பாதியில் அவரை வெளியே அழைத்தார்கள். உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை! மைதானத்தைச் சுற்றி நடந்து வந்த டெல் பியரோவையே எல்லோரும் பார்த்தார்கள். பெரியவர்கள் சிறு பிள்ளைகள்போல் அழுதார்கள்.

கிளப் கணக்குப் பார்த்தது. ரசிகர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

போனாலும் நம்மவர்!

போகிறவர்கள் எல்லோரும் பிகோ போல் வசவு வாங்குகிறார்களா? இல்லை.

பிகோ அணி மாறிய அதே 2000-ம் ஆண்டில், இத்தாலியில் இன்னொரு நட்சத்திரமும் அணி மாறினார். அவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த பாட்டிஸ்டூட்டா. பாஜ்ஜோ போன பிறகு பியோரன்டினாவுக்கு வாய்த்த கோல் வேட்டைக்காரர்.

1993-ல் பியோரன்டினா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பாட்டிஸ்டூட்டா உடன் இறங்கினார். மறு ஆண்டே கிளப் மேலே ஏறியது. மொத்தம் ஒன்பது ஆண்டுகள் ஆடினார். ஆனால் லீக் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. வயது 31 ஆகிவிட்டது. பட்டத்தைத் தேடி ரோமா கிளப்புக்குப் போனார்.

சில மாதங்களில் ரோமாவும் பியோரன்டினாவும் மோதின. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள். பாட்டிஸ்டூட்டா பந்தை ஓங்கி உதைத்தார். கோல்! ரோமா வென்றது.

தோழர்கள் ஓடி வந்து கட்டிப் பிடித்தார்கள். அவர் துள்ளவில்லை. சிரிக்கவில்லை. அவர் கண்களில் நீர் தளும்பியது. வேலையைச் செய்தார். ஆனால் மனம் வலித்தது. அந்த ஆண்டு ரோமா இத்தாலியின் சாம்பியன் ஆயிற்று.

புளோரன்ஸ் மக்கள் அவரை வெறுக்கவில்லை. இன்றும் அவர் அங்கே போனால் வரவேற்பு தடபுடல்!

எது கடமை?

பிகோவும் போனார். பாட்டிஸ்டூட்டாவும் போனார். ஒருவருக்குப் பன்றித் தலை, மற்றவருக்கு மாலை. ஏன்?

பிகோ போனது பரம எதிரியிடம். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. "போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பணத்தை வாங்கியதைவிட, வாக்கை மாற்றியதுதான் அந்த மக்களைச் சுட்டது.

பிகோ தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பார்சலோனா நிர்வாகம் தம் உழைப்புக்கு உரிய மதிப்புத் தரவில்லை என்று அவர் சொன்னார். ஆட்டக்காரரின் கால் ஓடுவது பதினைந்து ஆண்டுதான். ஒரு காயம் பட்டால் அதுவும் இல்லை. நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போவது எந்தத் தொழிலாளிக்கும் உள்ள உரிமை. தச்சர் பட்டறை மாறினால் யாரும் துரோகி என்பதில்லை.

ஆனால் தச்சர் வேலை செய்வதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை! தச்சரின் பெயரைச் சட்டையில் எழுதி யாரும் பிள்ளைக்கு மாட்டிவிடுவதும் இல்லை. ஆட்டக்காரர் பத்து கிளப் மாறலாம். ரசிகருக்கு ஒரே கிளப்தான். அப்பா கையைப் பிடித்து மைதானத்துக்கு வந்த பிள்ளை, நாளை தன் பிள்ளையைக் கூட்டி வருவான். அவன் எங்கே போவான்? அந்தப் பாசத்தால்தான் ஆட்டக்காரருக்குக் கோடிகள் கிடைக்கின்றன.

ஆகவே ஆட்டக்காரருக்குக் கடன் இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் உள்ள வரை முழு மூச்சோடு ஆட வேண்டும். அது முதல் கடன். போவதாக இருந்தால் "இருப்பேன்" என்று சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொண்டாவது இருக்கலாம். அது இரண்டாவது கடன். போன பிறகு பழைய சோற்றைப் பழிக்கக்கூடாது. அது மூன்றாவது.

வாழ்நாள் முழுவதும் ஒரே கிளப்பில் இருப்பது கடன் அல்ல. அது கொடை. பாட்டிஸ்டூட்டாவுடன் பட்டம் வென்ற ரோமா தலைவர் டோட்டி, அந்தக் கொடையைக் கொடுத்தார். 16 வயதில் ரோமாவுக்கு ஆடத் தொடங்கியவர், 40 வயது வரை வேறு கிளப்புக்கு ஆடவில்லை. 786 ஆட்டம், 307 கோல். ஆனால் லீக் பட்டம் ஒன்றே ஒன்றுதான்! ரியல் மாட்ரிட் அழைத்தபோது போயிருந்தால் இன்னும் பல பட்டங்கள் கிடைத்திருக்கலாம். கை நிறையச் சம்பளம் ரோமாவும் கொடுத்தது என்பது உண்மை. ஆயினும் அவர் இருந்தது, சொந்த ஊர்ப் பாசத்தால்.

கொடையைக் கொடுத்தவரைக் கும்பிடலாம். கொடுக்காதவரை அடித்துப் பிடுங்க முடியாது.

கிளப்புகளுக்கும் இதில் பாடம் உண்டு. ஆட்டக்காரரைச் சந்தையில் விற்கும்போது "இது வியாபாரம்" என்கிறார்கள். அவரே போகும்போது "விசுவாசம் எங்கே?" என்று கேட்கிறார்கள். ஒரு கை தட்டினால் ஓசை வருமா?